துன்பமும் துன்புறுவோனும்

சிவமயம்

உலகில் வழங்கும் சமயங்கள் பலவற்றுள்ளும் துன்பத்தை நேர்நின்று நோக்கிய சமயம் பௌத்தம் என்பதை மறுப்பார் இலர். பிறப்பும் மூப்பும் பிணியும் சாக்காடும் துன்பமே என்று தொடங்கும் அதன் முதல் வாய்மை நமக்கும் உடன்பாடேயாம். நம் ஆசிரியன்மாரும் பிறவியைக் கடலென்றும் நோயென்றுமே கூறிப் போந்தனர். ஆயின், நோய் உண்டு, நோயுடையான் ஒருவன் இலன் என அச்சமயத்தார் சொல்லும் இடத்தில் நாமும் அவரும் வழி பிரிகின்றோம். அப்பிரிவு நூலின்கண் ஓரிரு சொல்லளவாகத் தோன்றும். வாழ்வின்கண் அஃது எத்துணை அகலமுடையது என்பதை அடியேன் அறுபதாண்டு கடந்த பின்னரே அறிந்தேன். அறிந்த வரலாற்றைச் சைவ நன்மக்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதன்கண் என் பிழை ஒன்றும் வெளிப்படும். அதனையும் மறையாது கூறுவல்.

1974ஆம் ஆண்டில் யான் காவிரிக்கரைத் திருமடம் ஒன்றில் மாணாக்கனாகச் சேர்ந்தேன். இலக்கணம் முடித்த பின்னர்ச் சாத்திரப் பாடம் தொடங்கிற்று. 13ஆம் நூற்றாண்டினராகிய அருள்நந்தி சிவாசாரியார் அருளிய சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் புறமதங்கள் 14 எடுத்து மறுக்கப்படுதலைக் கற்றோர் அறிவர். அவற்றுள் நான்கு பௌத்தர்க்கு உரியன. சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என அவர் நால்வகைப்படுவர். பாடம் கேட்கும்போது எங்களுள் ஒருவனைப் பௌத்தனாக நிறுத்தி, அவன் கொள்கையை அவன் வாயாற் சொல்வித்து, மற்றொருவனைக்கொண்டு மறுப்பிப்பது ஆசிரியர் வழக்கம். பௌத்தனாக நின்றவன் தோற்றேயாக வேண்டும். அவன் தோற்றாலன்றி அன்றைய பாடம் முடியாது. யான் பன்முறை வென்றேன். அதனால் எனக்குச் செருக்கும் உண்டாயிற்று.

ஆயினும், மெய்யான பௌத்தர் ஒருவரையேனும் யாங்கள் அக்காலத்துக் கண்டிலேம். தமிழ்நாட்டில் அவர்தம் பள்ளிகள் மறைந்து பன்னூறாண்டு ஆயின. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தவன் சிவபாதசேகரன் எனப் பெயர் பூண்ட முதலாம் இராசராசனே. அந்நகரில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரமும் 1867ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஆதலின், எதிரி இல்லாத களத்தில் வாள் சுழற்றிப் பழகினவரே யாங்கள் என்னலாம்.

பின்னர் யான் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக அமர்ந்தேன். அங்கே கணக்காசிரியராக இருந்தவர் என் நண்பர். 28 ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ்ப் பணி செய்தோம். மாலைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரையாடுவது வழக்கம். அவர்தம் மனைவியார் சிவபத்தி மிக்கவர். என்னை 'அண்ணா' என்றே அழைப்பார். மோர்ச்செம்பு கையில் வந்து சேராமல் யான் அத்திண்ணையை விட்டு எழுந்த நாள் இல்லை.

நாங்கள் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அவ்வம்மையாரை மறதிநோய் பற்றிற்று. மருத்துவர் அதனை அல்சைமர் நோய் என்றனர். மூளையின் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிந்துபடுதலான் அண்மையில் நிகழ்ந்தவை முன்னும், நெடுநாள் முன்னர் நிகழ்ந்தவை பின்னுமாக நினைவு தேயும் என்றும், முற்றத் தீர்க்கும் மருந்து இல்லை என்றும் கூறினர். முதலில் அடுப்பிலிட்ட பாலை மறந்தார். பின்னர்க் கோயிலுக்குச் செல்லும் வழியை மறந்தார். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் தம் கணவரை நோக்கி, 'நீங்கள் யார்?' என்று வினவினார். அன்றிரவு நண்பர் என் வீட்டு வாயிலில் வந்து ஒன்றும் பேசாது நெடுநேரம் நின்றுவிட்டுச் சென்றார்.

அதன் பின்னர் அவர் பௌத்த நூல்களை மொழிபெயர்ப்பின் வாயிலாகக் கற்கத் தொடங்கினார். விடியலில் மூச்சினை நோக்கி அமர்ந்திருத்தலையும் மேற்கொண்டார். ஒருநாள் மாலை என்னிடம் கூறினார்: "பண்டிதரே, இப்பொழுது எனக்கு ஒருவாறு அமைதி கிடைத்திருக்கின்றது. யான் இழந்துவிட்டதாக எண்ணி அழுத அப்பெண் என்றும் ஒருபொருளாக இருந்ததில்லை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டத்துக்கு யான் இட்ட பெயரே அவள். சக்கரமும் அச்சும் நுகமும் ஒழியத் தேர் என வேறொன்று இல்லை என்று மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கு நாகசேனர் உணர்த்தவில்லையா? ஆறு ஓடுகின்றது, நேற்றைய நீர் இன்று இல்லை. இதற்கு யாரை நொந்துகொள்வது?"

அன்று யான் செய்திருக்கத் தக்கது, கேட்டுக்கொண்டு வாளா இருத்தலே. ஆயின் நாற்பத்தைந்தாண்டு முன்னைய மாணாக்கன் என்னுள் எழுந்துவிட்டான். பாடம் ஒப்பிப்பான்போலத் தொடங்கினேன்.

"ஐயா, எல்லாம் கணந்தோறும் தோன்றி அழிவன என்கின்றீர். முதற்கணத்து அறிவு, இரண்டாங்கணத்து அறிவினைத் தோற்றுவிக்கும் வரை நிற்குமோ, நில்லாதோ? நிற்குமாயின் கணபங்கம் என்னும் கொள்கை கெடும். நில்லாதாயின், இறந்துபட்ட ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தல் யாங்ஙனம்? சந்தானமாகத் தொடரும் என்பீராயின், தொடர்பவை பல. தொடர்ச்சியை அறிபவன் யார்? ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் அறிவுகள் வேறு. ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன என்று அறியும் அறிவு வேறு. முதல் யாமத்து விளக்குச்சுடரும் கடையாமத்து விளக்குச்சுடரும் அதுவும் அன்று, பிறிதும் அன்று என்று நாகசேனர் உவமை காட்டினார். மூன்று யாமமும் விழித்திருந்து கண்டவன் ஒருவன் இல்லையேல், அவ்வுவமையைத்தான் யார் சொல்லக்கூடும்? நேற்றுக் கண்டவனே இன்று நினைக்கின்றான். ஆதலின் நினைவே உயிரின் நிலைபேற்றுக்குச் சான்று."

நண்பர் மறுமொழி கூறாது வீட்டின் உள்ளே கை காட்டினார். அங்கே அம்மையார் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவனிடத்தில் உயிர் உண்டு என்றீர். நேற்றுக் கண்டதை இன்று நினையாதவள் இதோ இருக்கின்றாள். உம்முடைய சான்று அழிந்தது. அதனோடு இவள் உயிரும் அழிந்தது என்று கொள்வதா?"

என் நா எழவில்லை. எழாத நாணம் சினமாக மாறிற்று. "இஃது அவ்வம்மையின் பழவினைப் பயன்" என்று கூறிவிட்டேன். நண்பர் மெல்ல எழுந்து உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் ஆறு மாதங்கள் யான் அவ்வாயிலை மிதிக்கவில்லை.

வினைக்கொள்கையில் எனக்கு அன்றும் ஐயம் இல்லை, இன்றும் இல்லை. பௌத்தரும் வினையை உடன்பட்டவரேயாவர். ஆயின் உண்மையான ஒரு சொல்லை யான் உரியதல்லாத இடத்தில் வீசினேன். வினை என்னும் சொல், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்குத் துணையாக நமக்குத் தரப்பட்டது. பிறர்க்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு வாளா இருத்தற்குத் தரப்பட்டதன்று. இவ்வேறுபாட்டைப் பாடஞ்சொன்ன ஆசிரியர் எனக்குக் கூறாமல் விட்டிரார். யானே செவிமடுக்காமல் விட்டிருப்பேன்.

அவ்வாறு மாதமும் சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரத்தையும் நான்காஞ் சூத்திரத்தையும் உரைகளோடு மீண்டும் ஓதினேன். அவரை மடக்குதற்கு அன்று. என் வாய் அடைபட்டது ஏன் என்று அறிதற்கே ஓதினேன். ஓதவே, யான் நெடுநாள் கற்பித்து வந்த ஒன்றைத் தலைகீழாகப் பற்றியிருந்தமை புலப்பட்டது.

நினைவு உயிரின் தன்மை என யான் எண்ணியிருந்தேன். மெய்கண்டதேவர் அங்ஙனம் கூறவில்லை. நினைத்தல் சித்தத்தின் தொழில். மனம் புத்தி அகங்காரம் என்பவற்றோடு சித்தமும் அந்தக்கரணங்களுள் ஒன்று. உயிர் அவற்றுள் ஒன்றும் அன்று என்பதே நான்காஞ் சூத்திரத்தின் துணிபு. ஆணவமலத்தால் அனாதியே மறைப்புண்டு கிடக்கும் உயிர், கருவிகளைக் கூடினால் அறியும், கூடாதபோது அறியாது. அமைச்சரோடு கூடி ஆணை செலுத்தும் அரசனை ஆசிரியர் இதற்கு உவமை கூறுவர். அமைச்சர் ஒவ்வொருவராக நீங்கியவிடத்து அரசன் ஆணை நகருக்கு எட்டாது. அதுகொண்டு அரண்மனையுள் அரசன் இலன் என்று கூறுதல் பொருந்துமோ? இஃது எங்கோ அரிதாக நிகழ்வதும் அன்று. சுழுத்தியில் நாம் ஒவ்வொருவரும் இரவுதோறும் மனைவியையும் மக்களையும் நம் பெயரையும் மறந்தே கிடக்கின்றோம். அம்மையார்க்கு வந்தது விழித்த கண்ணோடு கூடிய ஓர் உறக்கம் போல்வது. ஆதலின் நினைவு உயிருண்மையைக் காட்டும் கைகாட்டியே. கைகாட்டி விழுந்தமையால் ஊர் அழிந்ததாகாது. பௌத்தர்க்கு விடை கூற எழுந்த யான், அறிவின் ஓட்டமே உயிர் என்னும் அவர்தம் கொள்கையைப் பாதியளவு உடன்பட்டுக்கொண்டே பேசியிருக்கின்றேன்!

அற்றேல், உயிருண்மைக்கு வலிய சான்று யாது எனின், மூன்றாஞ் சூத்திரம் அதனை முதலிலேயே வைக்கின்றது. உடல் உயிரன்று, பொறி உயிரன்று, மூச்சு உயிரன்று என ஒவ்வொன்றாகத் தள்ளி, இறுதியில் 'உயிர் இல்லை' என்று கூறுகின்றானே, அங்ஙனம் கூறுகின்றவனே உயிர் என்பது. அடுத்துக் கூறப்படுவது 'எனது' என்னும் சொல்லின் வழக்கு. என் வீடு என்பவன் வீடல்லன். என் உடல் என்பவன் உடலல்லன்.

இதனை ஓதிக்கொண்டிருந்த ஒருநாள், அம்மையார் நோயின் தொடக்கத்தில் என்னிடம் கூறியதொன்று நினைவுக்கு வந்தது. மோர்ச்செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்காக வந்தோம் என்று அறியாதவராய் நிலைப்படியில் நின்று, "அண்ணா, என் நினைவு என்னை விட்டு எங்கோ போய்க்கொண்டிருக்கின்றது, எனக்குத் தெரிகின்றது" என்றார். அப்பொழுது யான் ஏதோ ஆறுதல் கூறிச் செம்பை வாங்கிக்கொண்டேன். என் நினைவு போகின்றது என்று நின்று கண்டவர் யார்? போவது நினைவாயின், போவதைக் கண்டு அஞ்சியது அந்நினைவன்று. பரபக்கம் முழுதும் ஓதிய பண்டிதனுக்கு விளங்காத விடையை அவ்வம்மையார் நிலைப்படியில் நின்றே சொல்லிவிட்டார். யானோ மோரைப் பருகிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாளே நண்பர் வீட்டுக்குச் சென்றேன். அவர் மனைவியார்க்குக் குழைந்த சோற்றைச் சிறு சிறு கவளமாக ஊட்டிக்கொண்டிருந்தார். முதற்கண் என் பிழையைப் பொறுக்கும்படி வேண்டினேன். அவர் தலையசைத்து, பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டி அமரச் சொன்னார். அம்மையார் உறங்கிய பின்னர், யான் ஓதியறிந்ததையும் அவர் மனைவியார் கூறியதையும் எடுத்துரைத்தேன்.

அவர் நெடுநேரம் எண்ணியிருந்து, "போகின்றது என்று கண்டதும் அக்கணத்து எழுந்த ஓர் அறிவுதானே" என்றார்.

"இருந்ததையும் இப்பொழுது இல்லாததையும் ஒருங்கு பற்றினாலன்றிப் 'போகின்றது' என்னும் சொல் எழாது, ஐயா. இரண்டையும் பற்றும் கை ஒன்றாதல் வேண்டும். பௌத்தருள்ளேயே இம்முட்டுப்பாட்டை உணர்ந்தவர் உண்டு. கந்தங்கள் சுமையென்றும் புற்கலன் அதனைச் சுமப்போன் என்றும் புத்தர் கூறியதாகப் பாலி நூல்களுள் ஒரு சுத்தம் உண்டு. அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, கந்தங்களின் வேறென்றும் அவையேயென்றும் சொல்லலாகாத புற்கலன் உண்டு என வாதித்த சம்மிதீயர் என்பார், 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் பெருந்தொகையினராக இருந்தனர். சுமை உண்டென்றால் சுமப்போனையும் வேண்டிநின்றது அவர்தம் உள்ளம்."

நண்பர் முறுவலித்து, "அவரை ஏனைப் பௌத்தர் மறுத்துவிட்டனர். வசுபந்து தம் அபிதருமகோசத்தில் இதற்கென்றே ஒரு பகுதி எழுதியிருக்கின்றார்" என்றார். பின்னர்க் குரல் தாழ்ந்து கூறினார்: "ஆயினும் ஒன்று சொல்வேன். வச்சகோத்தன் என்னும் துறவி புத்தரிடம் வந்து, ஆன்மா உண்டோ எனக் கேட்டான், அவர் பேசவில்லை. இல்லையோ எனக் கேட்டான், அப்பொழுதும் பேசவில்லை. ஏன் வாளா இருந்தீர் என்று ஆனந்தர் பின்னர் வினவ, 'இல்லை என்று கூறியிருப்பின், முன்பு இருந்த ஆன்மா இப்பொழுது எனக்கு இல்லாமற் போயிற்றே என்று முன்னமே மயங்கிய அவன் மேலும் மயங்கியிருப்பான்' என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். அன்று நீர் எனக்குச் சொன்ன சொல்லுக்கும், யான் எனக்கே சொல்லிக்கொண்ட சொல்லுக்கும் அந்த வாய்வாளாமையே மேலாக இருந்திருக்கும்."

யான் வெட்கித் தலைகுனிந்தேன். எம் ஆசிரியரிடத்துக் கல்லாத ஒன்றை அன்று புத்தரிடத்துக் கற்றேன் என்று எழுதுதற்கு நாணேன்.

பின்னர்த் துன்பத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. "துன்பத்துக்கு உடையவன் இல்லையேல் இரக்கம் யார்மீது?" என்று வினவினேன். அவர், "சாந்திதேவர் அதற்கு விடை கூறியிருக்கின்றார். உடையவன் இல்லாமையால் என் துன்பம், பிறர் துன்பம் என்னும் வேறுபாடே இல்லை, துன்பம் துன்பமாதலினாலேயே நீக்கத்தக்கது என்பர்" என்றார். இவ்விடை உயர்ந்ததென்பதில் தடையில்லை. தன்னலத்தை வேரோடு களையும் கூர்மை அதற்கு உண்டு. எனினும் யான் கேட்டேன்: "மாலையில் இருள் சூழும்போது அம்மையார் அஞ்சி நடுங்குகின்றார். நீர் அவர் கையைப் பற்றிக்கொண்டு விடியுமளவும் இருக்கின்றீர். நீக்கத்தக்கது வெறுந்துன்பமேயாயின் உறக்கமருந்து கொடுத்தாலே அது நீங்குமே. நீர் பற்றியிருப்பது துன்பத்தையோ, துன்புறுவாரையோ?"

அவர் விடை கூறுதற்குள் அம்மையார் விழித்துக்கொண்டார். விளக்கொளியில் கணவர் முகத்தைச் சிறிது நேரம் உற்று நோக்கி, "நீங்கள் யார்?" என்றார்; சற்றே நிறுத்தி, "சாப்பிட்டீர்களா?" என்றார்.

நண்பர் எழுந்து சென்று அவர் பக்கத்தில் அமர்ந்தார். யான் ஒன்றும் பேசவில்லை. இதனைச் சான்றாக எடுத்துக்காட்டியிருக்கலாம். ஆயின் அது நெடுநாட் பழக்கத்தின் வாசனை என்று அவர் கூறினால், அங்ஙனம் அன்று என்று நிறுவ என்னிடத்தில் அளவை இல்லை. அன்றியும், அஃது அளவை கூறும் இடமும் அன்று.

சைவ நன்மக்கட்கு இதுகாறும் கூறியவற்றால் அடியேன் துணிந்தவற்றைத் தொகுத்துரைப்பேன். பௌத்தர் கந்தங்கள் ஐந்தையும் 'இஃது உயிரன்று' எனக் கழித்தது குற்றமன்று; தத்துவங்களைத் தானல்ல என்று கண்டு நீங்குதல் நமக்கும் உரிய நெறியே. கழித்தவனையும் உடன் கழித்ததே குற்றம். துன்பத்துக்கு வேட்கை காரணம் என்றதும் பிழையன்று. அவ்வேட்கைக்கு முதலாக அவர் கூறும் பேதைமை, ஒன்றனைப் பற்றியன்றித் தனித்து நில்லாது. செம்பு இன்றிக் களிம்பு இல்லை. களிம்பாகிய ஆணவமும், செம்பாகிய உயிரும், அதனைப் போக்கும் இறைவனும் என மூன்றையும் உடன் வைத்தாலன்றி நோய், நோயாளி, மருத்துவன் என்னும் முறை நிரம்பாது. நோய் நீங்கியபின் நோயாளியும் இலனாவான் எனின், அதனைச் சுகம் என்று நுகர்வார் யார்? சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் உயிர், நினைவைச் சார்ந்து நினைவாய் நின்றது. மறதியைச் சார்ந்து மறதியாய் நிற்கின்றது. இறைவனைச் சார்ந்து அவனாய் நிற்கும் நாளும் அதற்கு உண்டு. நினைவழிந்தாரைக் கண்டு நாம் துணிவோடு நிற்றற்கு இந்நம்பிக்கையே நிலைக்களம்.

இவை யாவும் வாதத்தின்பாற்பட்டவை. வாதம் வேண்டுவதே. ஆயின் துன்புறுவோன் ஒருவன் உளன் என்று நிறுவ எழுந்த நாம், வாதத்தின் வேகத்தில் எதிரே துன்புற்றிருப்பவனைக் காணாது விடுவோமாயின், பௌத்தர் சொல்லளவில் மறுத்ததை நாம் செயலளவில் மறுத்தவராவோம். யான் அன்று செய்தது அதுவே.

நண்பர் இன்றும் தம்மைப் பௌத்தர் என்றே சொல்லிக்கொள்கின்றார். அவர் வீட்டு மாடத்தில் அம்மையார் வழிபட்ட நடராசப் பெருமானின் படமும், அவர் வைத்த சிறிய புத்தர் உருவும் அருகருகே இருக்கின்றன. பெருமானுக்கு விளக்கிடுவதை அவர் ஒருநாளும் தவிர்த்ததில்லை. மனைவியின் வேலை என்பர். செய்வினை, செய்பவன், பயன், பயனைச் சேர்ப்பவன் என நான்கும் உண்டென்று தெளிந்த பின்னரும் புத்தவேடத்தைக் களையாமல், கல்லையே மலராக எறிந்து அன்பு செய்த சாக்கிய நாயனாரை அறுபத்து மூவருள் வைத்து வணங்கும் நமக்கு, வேடத்தைப் பற்றி ஐயுற என்ன இருக்கின்றது?

இப்பொழுது மாலைதோறும் அவர் ஒருநாழிகை ஆற்றங்கரை சென்று வருமளவும் யான் அம்மையாரிடத்தில் அமர்ந்திருக்கின்றேன். அவர் நாள்தோறும் என்னை யார் என்று வினவுவர். "உன் அண்ணன்" என்று கூறுவேன். "அப்படியா, நல்லது" என்பர். சிறிது நேரம் சென்று மீண்டும் வினவுவர். யானும் மீண்டும் கூறுவேன்.

திருச்சிற்றம்பலம்